தோப்பிலே தட்டெறி ஆட்டம்



திருக்கோவிலூரை அடுத்த சிற்றூர் ஒன்றிலிருந்து நம் வாசகர் ஒருவர் நீண்டதொரு மடல் விடுத்துள்ளார். தென்பெண்ணைக் கரையை ஒட்டி அவர்தம் குடும்பத்துக்கு எட்டு ஏக்கர் அளவில் ஒரு பழந்தோப்பு உண்டு. புளியும் வேம்பும் நாட்டு மாவும் அடர்ந்து நிற்க, வேலியோரம் சில பனைகளும் உள்ளனவாம். அயல்நாட்டில் பணியாற்றும் அவருடைய மகன் விடுமுறைக்கு வந்தபோது 'டிஸ்க் கோல்ஃப்' என்னும் ஆட்டத்துக்குரிய தட்டுகள் சிலவற்றைக் கொணர்ந்திருக்கிறார். தோப்பின் புதர்களை நீக்கி ஒன்பது கூடைகளை நட்டுவிட்டால், கோடை விடுமுறையில் உறவினர் பிள்ளைகளும் பங்கின் சிறுவர் சிறுமியரும் அங்கே ஆடி மகிழலாம் என்பது மகனின் விருப்பம். தந்தைக்கோ தம் பாட்டனார் வைத்த மரங்களுக்கு ஊறு நேருமோ என்னும் அச்சம். மரங்கள் அடர்ந்த இடம் இவ்வாட்டத்துக்கு ஏற்றதுதானா, அதன் நிறைகுறைகள் யாவை என நம்மைக் கேட்டிருக்கிறார். தந்தையும் மகனும் இதன் பொருட்டு ஒருவரோடொருவர் சரிவரப் பேசுவதில்லை என்றும் மடலின் ஓரத்தில் ஒரு வரி காணப்படுகிறது. ஆகவே சற்று விரிவாகவே விடை கூற முற்படுகிறோம்.

ஆட்டம் இன்னதென அறியாதோர்க்கு முதலில் ஒரு சொல். கோல்ஃப் ஆட்டத்தில் பந்தைக் கோலால் அடித்துக் குழியில் வீழ்த்துவர். இதிலோ பந்துமில்லை, கோலுமில்லை, குழியுமில்லை. ஏறத்தாழ ஒரு சாண் குறுக்களவும் 150 முதல் 180 கிராம் வரை எடையும் உள்ள நெகிழித் தட்டு ஒன்றைக் கையால் வீசி, தொலைவிலுள்ள இரும்புக் கூடையில் சேர்க்க வேண்டும். கூடைக்கு மேலே ஒரு வளையத்திலிருந்து சங்கிலிகள் சரம் சரமாகத் தொங்கும். தட்டு அவற்றில் மோதி வேகமிழந்து கூடைக்குள் விழும். ஒரே வீச்சில் கூடையை எட்டுதல் அரிது. தட்டு எங்கே விழுந்ததோ அங்கே நின்று அடுத்த வீச்சை வீச வேண்டும். ஒன்பது அல்லது பதினெட்டுக் கூடைகளையும் மிகக் குறைந்த வீச்சுகளில் முடித்தவரே வென்றவர். சட்டம் இவ்வளவே. பாட்டியும் பேரனும் ஒரே ஆட்டத்தில் கலந்துகொள்ளலாம் என்பதால் இது குடும்பங்களுக்கு ஏற்ற ஆட்டம் என்பதில் ஐயமில்லை.

தகர மூடியை வீசி விளையாடாத சிற்றூர்ப் பிள்ளை உண்டோ? 1926-ஆம் ஆண்டில் கனடா நாட்டின் சஸ்காட்செவன் மாநிலத்துப் பிளாட்வர்த் என்னும் ஊரில் பள்ளிச் சிறுவர் சிலர் தகர மூடிகளை வீசி, மணலில் வரைந்த வட்டத்துக்குள் விழச் செய்து, அதற்குத் 'தகரமூடிக் கோல்ஃப்' எனப் பெயரிட்டு ஆடினர். பின்னர் நெகிழித் தட்டுகள் வந்தன. 1957-இல் அவை அமெரிக்கக் கடைகளில் பெருமளவில் விற்பனையாயின. 1975-ஆம் ஆண்டில் எட் ஹெட்ரிக் என்பார் கலிபோர்னியாவில் ஓக் குரோவ் பூங்காவில் முதல் நிலையான களத்தை அமைத்தார். 'ஓக் குரோவ்' என்றால் ஓக் மரத் தோப்பு என்றே பொருள்! தொடக்கத்தில் அங்கு வெறும் கம்பங்களே குறிகளாக இருந்தன. தட்டு கம்பத்தைத் தொட்டதா இல்லையா என்று ஓயாது வழக்காடியதால், சங்கிலித் தொங்கலுடன் கூடிய கூடையை அவரே உருவாக்கினார். அதற்கு 1977-இல் காப்புரிமை கிடைத்தது. 2002-இல் அவர் இறந்தபின், அவர் விருப்பப்படியே உடலின் சாம்பலைக் கலந்து தட்டுகள் செய்தனர். நமக்கு அது உவப்பான செயலன்று. ஆயினும் ஆட்டத்தின்மேல் அவருக்கிருந்த பற்று எத்தகையது என்பது விளங்குகிறது.

ஆக, இவ்வாட்டம் முறையாகப் பிறந்ததே மரத்தடியில்தான். இன்று பல்லாயிரம் களங்கள் உலகில் உள்ளன. அமெரிக்காவிலும், காடு மிகுந்த பின்லாந்து, எஸ்டோனியா போன்ற நாடுகளிலும் இது மக்கள் விளையாட்டாகவே ஆகிவிட்டது. பெண்கள் பிரிவில் 2022, 2023 ஆகிய ஈராண்டுகளிலும் உலகப் பட்டம் வென்ற கிறிஸ்டின் தத்தார் அந்தச் சிறிய எஸ்டோனியாவைச் சேர்ந்தவரே. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்து லெஸ்டர் என்னும் ஊரில், கிறிஸ்து பிறப்பு விழாவுக்கான மரங்களை வளர்க்கும் பண்ணை ஒன்றிலேயே புகழ்பெற்ற களம் ஒன்று அமைந்துள்ளது. மார்கழியில் மரம் விற்பனை, மற்ற மாதங்களில் ஆட்டம்! நம் தமிழகத்தில் தட்டு விளையாட்டு என்றால் சென்னைக் கடற்கரை மணலில் இளைஞர் இரு அணிகளாகப் பிரிந்து ஆடும் 'அல்டிமேட்' ஆட்டமே பலருக்கும் நினைவுக்கு வரும். அதற்கு வெட்டவெளி வேண்டும். ஆனால் நாம் பேசும் ஆட்டத்துக்கு மரங்கள் இடையூறல்ல. அவையே அதன் சுவை.

அது எவ்வாறு எனப் பார்ப்போம். 2016-ஆம் ஆண்டு மார்ச் மாதம் அமெரிக்காவின் நெவாடா பாலைவனத்தில் டேவிட் விக்கின்ஸ் என்னும் இளைஞர் வீசிய தட்டு, பெருங்காற்றின் துணையோடு 338 மீட்டர் தொலைவு பறந்து உலக அருஞ்செயலாகப் பதிவாயிற்று. மரமற்ற வெளியில் தோள்வலியும் காற்றும் சேர்ந்தால் இத்தகைய விந்தை நிகழும். ஆனால் அதே வீச்சை ஒரு புளியந்தோப்பில் வீசினால் இருபதாம் அடியிலேயே முதல் மரத்தில் மோதித் தட்டு காலடியில் வந்து விழும். தோப்பில் வலிமைக்கு வேலையில்லை. இரண்டு மரங்களுக்கு இடையே பத்தடி இடைவெளி தெரிகிறது. அதற்கப்பால் வழி இடப்புறம் வளைகிறது. தாழ்ந்த கிளையொன்று தலைக்குமேல் குறுக்கிடுகிறது. எவ்வளவு உயரத்தில், எவ்வளவு சாய்வில், எவ்வளவு மெல்ல வீசினால் தட்டு அவ்வழியே செல்லும் என எண்ணிப் பார்க்க வேண்டும். வலக்கையால் மார்புக்குக் குறுக்கே இழுத்து வீசும் தட்டு, வேகம் தணியுங்கால் இடப்புறமாகவே சரியும். இவ்வியல்பை அறிந்தவர் வளைவான வழியிலும் தட்டைத் திருப்பிவிடுவர். பன்னிரண்டு வயதுச் சிறுமி, கல்லூரி மாணவனான அண்ணனைத் தோப்பில் வெல்லக்கூடும். திறந்த வெளியில் அது எளிதன்று.

இரண்டாவது நன்மை நிழல். சித்திரை, வைகாசியில் திருக்கோவிலூர் வெயில் எத்தகையது என்பதை அவ்வட்டாரத்து வாசகர்க்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. 40 பாகை செல்சியஸை நெருங்கும் வெம்மையில் வெட்டவெளியில் எந்தத் தாயும் பிள்ளையை ஆட விடமாட்டாள். பத்து மணிக்குமேல் பிள்ளைகள் கைப்பேசியோடு அறைக்குள் முடங்குவதற்கு வெயிலும் ஒரு காரணமன்றோ? தழைத்த மரத்தடியில் முற்பகல் முழுவதும் நடமாட முடியும். முதியோர்க்கும் இது நன்று. மண்தரையில், நிழலில், நின்று நின்று நடக்கும் நடை முழங்காலுக்கு இதமானது. ஒன்பது கூடைகளைச் சுற்றி வந்தால் ஒரு கிலோமீட்டருக்குக் குறையாமல் நடந்துவிடுவர், நடந்ததே தெரியாது.

மற்றொன்றையும் மறைக்காமல் கூறவேண்டும். நம் ஊர்களில் ஆடுகளம் என்று ஒன்று இருந்தால் அது பெரும்பாலும் கிரிக்கெட் ஆடும் இளைஞர்க்கே உரியதாகிவிடுகிறது. பெண்பிள்ளைகள் எட்டாம் வகுப்பைத் தாண்டியதும் ஓடியாடுவதை நிறுத்திவிடுகின்றனர். 'எல்லாரும் பார்க்கிறார்களே' என்னும் கூச்சம் அவர்களைவிடப் பெற்றோர்க்கே மிகுதி. வேலியடைத்த தோப்புக்குள், சித்தி, அத்தை, அண்ணன், தம்பியரோடு ஆடும் ஆட்டத்தில் அத்தகைய தயக்கம் எழாது. எல்லாரும் பார்த்தாலும் பெண்பிள்ளைகள் ஆடத்தான் வேண்டும் என்பதே நம் கருத்து. அது நடைமுறைக்கு வரும்வரை தோப்பின் மறைவும் உதவட்டுமே.

செலவையும் கருதுவோம். கொடைக்கானலில் 1895-ஆம் ஆண்டு முதல் கோல்ஃப் மன்றம் உள்ளது. பதினெட்டுக் குழிகள் கொண்ட அத்தகைய களத்துக்கு நூறு ஏக்கருக்கும் மேற்பட்ட நிலமும், ஓயாத நீர்ப்பாய்ச்சலும், புல்வெட்டும் பொறிகளும் வேண்டும். தட்டெறி ஆட்டத்துக்குக் கூடை ஒன்றுக்கு ஓர் ஏக்கர் என்பது தாராளமான கணக்கு. தோப்பாயின் அதனினும் குறைவாகவே போதும். புல்தரை வேண்டா, தண்ணீர் வேண்டா. ஊர்ப் பட்டறையில் இரும்புக் குழாயும் சங்கிலியும் கொண்டு கூடை செய்துவிடலாம். உள்ளபடியே ஏழைக்கு எட்டும் கோல்ஃப் இது.

இனிக் குறைகள். இவற்றில் சில ஆட்டத்தைப் பற்றியவை, சில ஆடுவோரைப் பற்றியவை, சில மரங்களைப் பற்றியவை.

தோப்பில் அமைந்த களத்தின்மேல் ஆட்டக்காரர் சொல்லும் முதற்குறை, திறமையைவிட நற்பேறே அங்கு வெல்கிறது என்பது. நன்றாகக் குறிபார்த்து வீசிய தட்டு சுள்ளி ஒன்றில் பட்டுப் புதருக்குள் போய்விடும். கண்ணை மூடிக்கொண்டு வீசியவனின் தட்டோ மூன்று மரங்களில் மோதி நடுவழியில் வந்து விழும். இக்குறையில் உண்மை உண்டு. ஆனால் பிழை மரங்களுடையதன்று; வழி வகுத்தவருடையதே. எறியுமிடத்தில் நின்று பார்க்கும்போது 'இதுவே வழி' எனக் கண்ணுக்குப் புலப்படும் ஓர் இடைவெளி இருத்தல் வேண்டும். அவ்விடைவெளி, பழகியவர் பத்துக்கு ஆறேழு முறையேனும் தவறாமல் செலுத்தக்கூடிய அகலத்தில் அமைதல் வேண்டும். வழியே இல்லாத மரக்கூட்டத்துக்குப் பின்னால் கூடையை நட்டுவிட்டு, 'கடினமான களம்' எனப் பெருமை பேசுவதில் பொருளில்லை. 2023-இல் உலகப் போட்டி நடைபெற்ற வெர்மான்ட் மாநிலத்து ஸ்மக்லர்ஸ் நாட்ச் என்னுமிடத்தில் இரண்டு களங்கள் உள்ளன. ஒன்று காட்டுக்குள், மற்றொன்று பெரிதும் திறந்தவெளியில். இரண்டிலும் ஆடியே வீரர் தம் தகுதியைக் காட்ட வேண்டியிருந்தது. நம் வாசகரின் தோப்பிலும் பனையோரத்து வெட்டவெளியில் இரண்டு கூடைகளை அமைத்தால், கைவலி தீர வீச விரும்பும் இளைஞர்க்கும் மனக்குறை இராது.

அடுத்தது பாதுகாப்பு. இங்கே நாம் சிறிது கண்டிப்பாகவே பேசவேண்டும். தொலைவு செல்வதற்கென்று செய்யப்படும் தட்டுகளின் விளிம்பு கூர்மையானது. முகத்திலோ கண்ணிலோ பட்டால் பெருங்காயம் விளையும். திறந்தவெளியில் எதிரே வருவோர் கண்ணுக்குத் தெரிவர். தோப்பில் மரத்துக்கு அப்பால் யார் நிற்கிறார் என்பது தெரியாது. நம் தோப்புகள் வேலியிருந்தும் பொதுவானவையே. ஆடு மேய்க்கும் சிறுவன் வருவான்; ஆனி, ஆடியில் வேப்பமுத்துப் பொறுக்க மூதாட்டியர் வருவர்; புளி உலுக்குங்காலத்தில் கூலிப் பெண்கள் மரத்தடியில் குனிந்திருப்பர். அவர்கள் தலைக்குமேல் தட்டு பறப்பது எவ்வகையிலும் தகாது. ஆட்டத்துக்காக அவர்களை வேலிக்கு வெளியே நிறுத்துவதும் தகாது. அந்த வேப்பமுத்து அவர்கள் வீட்டு உலைக்கு அரிசியாகும். ஒற்றையடிப் பாதைகளுக்குக் குறுக்கே எவ்வழியும் அமையாதவாறு களத்தை வகுக்க வேண்டும். பொறுக்குவோர் தோப்பில் இருக்கும் நாளில் ஆட்டத்தை நிறுத்திவைக்க வேண்டும். மகனார் வரைந்து காட்டிய படத்தில் இப்பாதைகள் குறிக்கப்பட்டுள்ளனவா என மடலில் காணப்படவில்லை.

பாம்பைப் பற்றிச் சொல்லாமல் விடலாகாது. பின்லாந்துக் காட்டில் தட்டைத் தேடுவது வேறு. தென்பெண்ணைக் கரையில் தேடுவது வேறு. சருகுக் குவியலில் கண்ணாடி விரியன் கிடந்தால் சருகுக்கும் அதற்கும் வேறுபாடு தெரியாது. கட்டுவிரியன் இருட்டியபின் வெளிவரும். ஆகவே சில கட்டுப்பாடுகள் வேண்டும். காலை மூடும் காலணி அணிதல் வேண்டும். புதரில் கைவிடலாகாது, வளைந்த நுனியுள்ள கழியால் தட்டை இழுத்தெடுக்க வேண்டும். அந்திக்கு முன்னரே ஆட்டம் முடிதல் வேண்டும். ஆட்ட விதிகளின்படி, காணாமற்போன தட்டை மூன்று நிமிடம் மட்டுமே தேடலாம். அதன்பின் ஒரு வீச்சைத் தண்டமாக ஏற்று ஆட்டத்தைத் தொடரவேண்டும். நேரத்தை மிச்சப்படுத்த அயல்நாட்டார் வகுத்த இவ்விதி, நம் ஊரில் உயிரைக் காக்கும் விதியாகவும் பயன்படும். யாரையேனும் பாம்பு தீண்டிவிட்டால் கீறுதல், உறிஞ்சுதல், இறுகக் கட்டுதல் ஆகியவை கூடா. கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து, நச்சுமுறி மருந்துள்ள அரசு மருத்துவமனைக்கு உடனே கொண்டுசெல்ல வேண்டும்.

மரக்கிளையில் சிக்கிய தட்டைக் கல்லால் அடித்து வீழ்த்த முயலும் பழக்கமும் வேண்டா. கிளையில் மலைத்தேனீக் கூடு இருந்து கல் அதன்மேல் பட்டால் தோப்பிலிருந்து ஒருவரும் முழுதாக வீடு திரும்ப இயலாது. நீண்ட மூங்கில் துரட்டி ஒன்று எப்போதும் தோப்பில் இருக்கட்டும்.

இனி, தந்தையாரின் அச்சத்துக்கு வருவோம். மரங்களுக்கு ஊறு நேருமா? நேரும். அதை மறுப்பவர் உண்மை பேசுபவர் அல்லர்.

ஊறு இருவகையில் நேர்கிறது. கண்ணுக்குத் தெரிவது பட்டையில் விழும் காயம். எறியுமிடத்துக்கு முன்னால் இருபது முப்பது தப்படிக்குள் நிற்கும் மரங்களே மிகுந்த அடி வாங்குகின்றன. ஒவ்வோர் அடியும் சிறிதே. ஆனால் ஒரு கோடை முழுவதும் பத்துப் பிள்ளைகள் வீசினால் அடிகள் ஆயிரக்கணக்காகும். மரத்தின் இலைகள் ஆக்கும் உணவு பட்டையின் உட்புறமாகத்தான் வேருக்கு இறங்குகிறது. பட்டை சுற்றிலும் சிதைந்தால் மரம் பட்டினியால் மடியும். முதிர்ந்த புளிக்கும் வேம்புக்கும் பட்டை தடித்தது, அவை தாங்கும். இளமாவும் கொய்யாவும் தாங்கா. அக்காலத்தில் கூடை இல்லாத களங்களில் மரத்தையே குறியாக வைத்து எறிந்தனர். நம் பிள்ளைகள் அவ்வழக்கத்தைக் கைக்கொள்ளலாகாது. எறியுமிடத்துக்கு அருகிலுள்ள மரங்களுக்கு இடுப்பளவிலிருந்து தலையளவு வரை தேங்காய் நார்க்கயிற்றைத் தளர்வாகச் சுற்றிவைப்பது எளிய காப்பு. ஆணி அடிக்க வேண்டா. மரம் பருக்கப் பருக்க ஆண்டுதோறும் கயிற்றை நெகிழ்த்திக் கட்டவேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத ஊறு மண்ணில் நேர்வது; அதுவே பெரிது. மரத்துக்கு நீரும் ஊட்டமும் சேர்க்கும் நுண்வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணின் ஓரிரு அடிக்குள்ளேயே பரவியிருக்கின்றது. ஒரே இடத்தில் நாள்தோறும் காலடி படப்பட மண் இறுகி, காற்றும் நீரும் புகும் நுண்துளைகள் அடைபடும். மழைநீர் உள்ளே இறங்காமல் மேலே வழிந்தோடி, ஓடும்போது மேல்மண்ணையும் அரித்துச் செல்லும். வேர்கள் வெளியே தெரியும். தெரிந்த வேரின்மேல் மறுபடியும் காலடி படும். கூடையைச் சுற்றியுள்ள வட்டத்திலும் எறியுமிடத்திலும் இக்கேடு விரைவில் காணப்படும். டெக்சாஸ் மாநிலத் தலைநகரான ஆஸ்டினில் பீஸ் பூங்கா என்னுமிடத்தில் பல்லாண்டுகள் பெரும்புகழோடு விளங்கிய தட்டெறி களத்தை, 2010-களின் தொடக்கத்தில் நகராட்சியார் மூடிவிட்டனர். ஓடைக்கரையில் மண் அரித்து மரங்களுக்குக் கேடு விளைந்ததே அதற்குத் தலையாய காரணம். ஆட வந்தோர் கெட்டவர் அல்லர். மிகப் பலர், அவ்வளவே. களம் நன்றாக இருந்ததனாலேயே அவ்வளவு பேர் வந்தனர்.

இதனினும் மெல்ல வரும் கேடு ஒன்றுண்டு. நடையும் துப்புரவும் மிகுந்த தரையில் புதிய கன்று முளைத்து எழுவதில்லை. முளைத்தாலும் மிதிபடும், அல்லது 'வழியை மறைக்கிறது' எனப் பிடுங்கப்படும். முப்பதாண்டு கழித்துப் பார்த்தால் பாட்டனார் வைத்த மரங்கள் நிற்கும். பேரனுக்கென எழவேண்டிய மரங்கள் இரா. பழைய மரங்கள் ஒவ்வொன்றாகச் சாயும்போது களமும் வெட்டவெளியாகிவிடும். தோப்புக்காகவே தேர்ந்த ஆட்டம் தோப்பையே தின்றுவிட்டதாக முடியும்.

ஆகவே புதர்களை அறவே அழிக்கும் எண்ணத்தை மகனார் கைவிட வேண்டும். தட்டு செல்லும் வழியை மட்டும் பதினைந்து அடி அகலத்துக்குத் துப்புரவு செய்தால் போதும்; பாம்பச்சத்துக்கும் அதுவே நல்லது. எஞ்சிய இடத்தில் சருகு கிடந்து மக்கட்டும், கன்றுகள் எழட்டும். கூடையைச் சுற்றிலும் எறியுமிடத்திலும் சருகையும் மரச்சீவலையும் நான்கு விரற்கடை பரப்பி வைத்தால் காலடியின் அழுத்தம் குறையும். எட்டு ஏக்கரில் ஒன்பது கூடை என்பது நமக்கு மிகையாகவே தோன்றுகிறது, ஆறு போதும். ஆறு கூடைகளுக்கும் இரண்டிரண்டு இடங்களை வகுத்து, ஒரு பருவம் ஓரிடத்திலும் மறுபருவம் மற்றோரிடத்திலும் நட்டால் மண்ணுக்கு ஓய்வு கிடைக்கும். இவ்வாறு கூடையை இடம் மாற்றிவைப்பது அயல்நாடுகளிலும் கையாளப்படும் முறையே.

மாமரங்களைப் பற்றித் தனியே ஒரு சொல். தை, மாசியில் பூக்கும் நாட்டு மா, பிள்ளைகளின் விடுமுறையில்தான் காய்த்துத் தொங்கும். தட்டுபட்டு உதிரும் காயைப் பிள்ளைகள் மகிழ்வோடு உப்பிட்டுத் தின்பர், குத்தகைக்காரர் மகிழமாட்டார். புளியோ சித்திரைக்குள் பெரும்பாலும் உலுக்கி முடிந்துவிடும். அதன் அடியில் பிற செடிகள் அடர்ந்து வளர்வதுமில்லை. எனவே புளியும் வேம்பும் நிற்கும் பகுதியே களத்துக்கு ஏற்றது. மாப்பகுதியை அப்படியே விட்டுவிடுக. புளியமரத்தடியில் பேய் உண்டென்னும் பேச்சுக்கு அஞ்ச வேண்டா. அந்தியில் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்ப அப்பேச்சு வேண்டுமாயின் பயன்படட்டும்! பனையடியில் கருக்குமட்டை கிடக்கும். வெறுங்காலோடு ஓடுவோர்க்குத் தீங்கு. அதை நாள்தோறும் அகற்றுதல் வேண்டும்.

ஆற்றை மறவாதீர்கள். 2024-ஆம் ஆண்டு டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலை ஒட்டிச் சாத்தனூர் அணையிலிருந்து நள்ளிரவில் திறந்துவிடப்பட்ட பெருவெள்ளம் தென்பெண்ணைக் கரையூர்களைப் பாழ்படுத்தியதை அவ்வட்டாரத்தார் மறந்திருக்க முடியாது. கூடைக் கம்பத்தை மண்ணில் இறுக்கிப் புதைத்துவிடாமல், புதைத்த குழாய் ஒன்றுக்குள் செருகி எடுக்கும்படி செய்தால், ஐப்பசிக்கு முன்னரே அனைத்தையும் எடுத்து வீட்டில் வைத்துவிடலாம். மூன்று மாதம் மண்ணுக்கும் ஓய்வு. ஈர மண்ணில் நடந்தால்தான் அது மிகுதியாக இறுகும். மழைக்காலத்தில் ஆட்டம் வேண்டா என்பதற்கு அதுவே போதிய காரணம். கரையோரப் புறம்போக்கில் எதையும் நடாதிருக்கவும்.

மடலின் இறுதியில் மகனாரின் மற்றோர் எண்ணமும் குறிக்கப்பட்டுள்ளது. தோப்பில் இது வெற்றி பெற்றால் நண்பர்கள் கூடிக் கல்வராயன் மலையில் பெரிய களம் ஒன்றை அமைத்துச் சுற்றுலாப் பயணியரை ஈர்க்கலாமாம். இதனை நாம் ஏற்பதற்கில்லை. அம்மலையின் காடுகளில் பெரும்பகுதி வனத்துறைக்குரியவை. 1980-ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டப்படி, காட்டு நிலத்தை வேறு பயனுக்குத் திருப்ப நடுவண் அரசின் ஒப்புதல் வேண்டும். சட்டம் ஒருபுறமிருக்க, அக்காடு மலைவாழ் மக்கள் தேனும் நெல்லியும் சேர்க்கும் இடம். 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் அவர்தம் உரிமையை ஏற்றுள்ளது. ஒரு குடும்பத் தோப்பில் மண் இறுகினால் அக்குடும்பம் அதைக் கவனித்துச் சீர்செய்யும். மலைச்சரிவில் அரிப்பு தொடங்கினால் அதைக் கவனிப்பவர் யார்? பேருந்து பிடித்து வந்து ஆடிச்செல்வோர் கவனிக்கமாட்டார். மலைக்குச் சென்றால் நடந்து பார்த்துத் திரும்புங்கள். தட்டு தோப்போடு நிற்கட்டும்.

தந்தையும் மகனும் சேர்ந்து செய்யத்தக்க வேலை ஒன்றைக் கூறுகிறோம். இவ்வாண்டு இரும்பும் வேண்டா, சிமெண்டும் வேண்டா. மூன்று மூங்கிற் கூடைகளை இடுப்பளவுக் கழிகளில் கட்டி, புளியம்பகுதியில் மூன்று வழிகளை மட்டும் வகுத்து, விடுமுறை முழுவதும் பிள்ளைகளை ஆடவிடுங்கள். தொடங்குமுன் அம்மூன்று வழிகளிலுமுள்ள மரங்களை எண்ணி, பட்டையில் ஏற்கெனவே உள்ள காயங்களைத் தந்தையார் ஒரு குறிப்பேட்டில் எழுதிவைக்கட்டும். பள்ளி திறக்கும் வாரத்தில் இருவரும் மீண்டும் சுற்றிவந்து பாருங்கள். முதல் மழையன்று கூடைக்கருகில் நீர் மண்ணுக்குள் இறங்குகிறதா, தேங்கி வழிகிறதா என்பதையும் நோக்குங்கள். இறங்குமாயின், அடுத்த ஆண்டு புளி உலுக்கி முடிந்தபின் குழாய்களைப் புதைக்கலாம்.